ஆற்று மீனுக்கு யார் படியளப்பது?

சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மாதம், காவிரிப் படித்துறை ஒன்றில் மீன்குஞ்சு விடும் விழாவை வேடிக்கை பார்க்க நின்றேன். எந்த ஊர், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். காலை ஒன்பது மணி விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் பதினொன்றரைக்கு வந்தார். அதுவரை குஞ்சுகள் ஆக்சிஜன் நிரப்பிய பிளாஸ்டிக் பைகளில், பந்தலுக்கு வெளியே வெயிலில் கிடந்தன.

குஞ்சுகளை வேனில் கொண்டுவந்தவர் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தார். "பையை அப்படியே ஆத்துல கொஞ்ச நேரம் மிதக்க விடணும் சார். உள்ள இருக்கிற தண்ணியும் ஆத்துத் தண்ணியும் ஒரே சூட்டுக்கு வரணும். சட்டுனு கொட்டுனா குஞ்சு தாங்காது" என்றார். சட்டென்றுதான் கொட்டினார்கள். விருந்தினருக்கு அடுத்த நிகழ்ச்சி இருந்தது. ஒரு பையை அவர் கவிழ்க்க, போட்டோகிராபருக்குக் கோணம் சரியாக அமையவில்லை, இன்னொரு பையைக் கவிழ்த்தார். மீதிப் பைகளை ஊழியர்கள் வரிசையாக அவிழ்த்துக் கொட்டினார்கள். விரல் நீளக் குஞ்சுகள் படிக்கட்டோரம் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து நீந்தின. சில வெள்ளை வயிறு தெரிய மல்லாந்தன. நாற்பது அடி கீழே, ஆறேழு பையன்கள் ஒரு பழைய கொசுவலையை விரித்துப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார்கள். அவர்களுக்குச் சற்றுத் தள்ளி கொக்குகள். விழா எப்போது நடக்கும் என்று கொக்குகளுக்கும் சொல்லி வைத்தது போலிருந்தது.

பந்தலில் கட்டியிருந்த பேனரில் 'நம் ஆற்றின் நாட்டு மீன்களை மீட்போம்' என்று இருந்தது. பைகளில் இருந்தவை கட்லா, ரோகு, மிர்கால்.

இந்த மூன்றும் கங்கைச் சமவெளி மீன்கள். குளத்தில் வளர்த்தால் வேகமாக எடை போடும், சாப்பிடவும் நன்றாக இருக்கும். நானே வாங்கிச் சாப்பிடுகிறேன், அவற்றின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் காவிரிக்கு அவை விருந்தாளிகள். காவிரியின் சொந்தக் கெண்டைகள் வேறு: வெண்கெண்டை, கருமுழிக் கெண்டை, சேல்கெண்டை. நம் ஆட்கள் ஆயிரம் வருடமாகப் பெண்ணின் கண்ணுக்குச் சேல் மீனையும் கயல் மீனையும் உவமை சொல்லிக் களைத்துவிட்டார்கள். இன்றைக்கும் கயல்விழி என்று பெயர் வைக்கிறோம். ரோகுவிழி என்று யாரும் வைக்கப்போவதில்லை. வெண்கெண்டை இப்போது உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அழிவாய்ப்புள்ள மீனாக இருக்கிறது. மேட்டூர் அணை கட்டி முடித்தது 1934இல். கடலிலிருந்து ஆற்றில் ஏறி வந்து முட்டையிடும் உல்லம் மீனின் வழியை அது மறித்தது. அணைக்குள் தேங்கிய தண்ணீரில் வடக்கத்திக் கெண்டைகளைக் கொண்டுவந்து விட்டார்கள், அவை பெருகின. 1952இல் இந்தியாவுக்கு வந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா, அதாவது நம் ஜிலேபி, மிச்ச இடத்தையும் எடுத்துக்கொண்டது. இன்றைக்கு ஒகேனக்கல்லில் மசாலா தடவி அடுக்கி வைத்திருக்கும் வறுவல் தட்டுகளைப் பாருங்கள், எது ஊர் மீன் என்று தேடத்தான் வேண்டும்.

அன்று அந்த வேன்காரரிடம், "இது எதுவும் காவிரி மீன் இல்லையே?" என்று கேட்டேன். "தெரியும் சார். இந்தக் குஞ்சுதான் பண்ணையில கிடைக்குது. இத்தனை லட்சம் விடணும்னு டார்கெட்" என்றார். ஒளிவுமறைவே இல்லாத பதில்.

ஆற்று மீனை மீட்கப் பொதுப் பணம் இல்லை என்று நாம் அடிக்கடி புலம்புகிறோம். அது முழு உண்மை இல்லை. 2020இல் மத்திய அரசு தொடங்கிய பிரதமர் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் மொத்த மதிப்பு 20,050 கோடி ரூபாய். ஆறுகளில் குஞ்சு விடுவதும் அதில் ஒரு அங்கம். ஆனால் அந்தத் திட்டத்தின் இலக்கே நாட்டின் மீன் உற்பத்தியை 220 லட்சம் டன்னுக்குக் கொண்டுபோவதுதான். உற்பத்திக்காக ஒதுக்கிய பணம் உற்பத்தியைத்தான் தேடும். வருடத்துக்கு ஒருமுறை முட்டையிட்டு, பல வருடம் கழித்துப் பெரிதாகும் ஒரு ஆற்று மீனுக்கு அந்தக் கணக்கில் இடம் கிடைப்பது கஷ்டம். குஞ்சை எண்ணலாம், பையை எண்ணலாம், போட்டோ எடுக்கலாம். விட்ட குஞ்சு பிழைத்ததா என்று மூன்று வருடம் கழித்துப் போய்ப் பார்க்க எந்தத் தலைப்பில் பில் போடுவது?

காவிரிக்கு என்று ஒரு ராஜ மீன் உண்டு. ஆங்கிலேயர் மகசீர் என்று எழுதி வைத்தார்கள், எங்கள் பக்கத்துப் பரிசல்காரப் பெரியவர் ஒருவர் ஆனைக்கெண்டை என்பார். மகசீரில் பல இனங்கள் உண்டு. காவிரியில் மட்டும் இருப்பது முதுகில் திமில் போல மேடு எழும்பிய, துடுப்புகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும் இனம். 1946இல் கபினி ஆற்றில், மைசூரில் விலங்குகளைப் பாடம் செய்யும் தொழிலில் பேர்போன வான் இன்கன் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் தூண்டிலில் பிடித்த மகசீரின் எடை 120 பவுண்டு, கிட்டத்தட்ட 54 கிலோ. ஒரு ஆள் எடை. தூண்டில் விளையாட்டுக்காரர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள்.

இத்தனை பேர் பெற்ற மீனுக்கு 2018 வரை உருப்படியான அறிவியல் பெயர் கிடையாது. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் நடந்தது அதுதான். ஒன்றரை நூற்றாண்டாக எல்லோரும் அதைப் பற்றி எழுதினார்கள், எந்த இனம் என்று மட்டும் யாரும் தீர்த்து வைக்கவில்லை. இதற்கிடையில் கேரளத்தின் சின்னார் காட்டில், பாம்பாற்றில் கிடைத்த சிறிய மீன்களை வைத்து ஒரு புதிய மகசீர் இனத்தை இரண்டு ஆய்வாளர்கள் விவரித்து, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களை ஆராய்ந்த ரமாதேவியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். பாம்பாறு அமராவதி அணைக்கு வருகிறது, அமராவதி கரூர்ப் பக்கம் காவிரியில் சேர்கிறது. 2018இல், மோயாற்றில் பிடித்த திமில் மகசீரை வைத்து மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டபோது இரண்டும் ஒன்று என்று தெரிந்தது. 'டார் ரமாதேவி' என்ற பெயர் ராஜ மீனுக்கு வந்து சேர்ந்தது. அதே வருடம் நவம்பரில் செம்பட்டியலில் 'மிக அருகிய இனம்' என்று ஏற்றினார்கள். பெயர் சூட்டலும் அபாய அறிவிப்பும் ஒரே வருடத்தில். எனக்கு இதில் ஒரு பெருமையும் உண்டு: மோயாறு நம் முதுமலை ஓரமாக ஓடுகிற ஆறு.

பெயர் தெரியாததால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. 1970களில் மகாராஷ்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் பொரிப்பகத்தில் மகசீர் குஞ்சுகளைப் பெருக்கினார்கள். மகசீர் எங்கும் குறைந்து வருகிறது, காப்பாற்ற வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அங்கே பெருகியது நீலத்துடுப்பு மகசீர், கிருஷ்ணா ஆற்றின் மீன். அந்தக் குஞ்சுகள் பல மாநிலங்களுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. மகசீர் என்றால் எல்லாம் மகசீர்தானே? காவிரிக்கு அது அப்படி இல்லை. கர்நாடகத்தில், அர்க்காவதி காவிரியில் சேரும் சங்கமத்துக்குப் பக்கத்தில் கலிபோரே என்ற இடத்தில் பிடித்து, எடை பார்த்து, மறுபடி ஆற்றிலேயே விடும் தூண்டில் முகாம் ஒன்று இருந்தது. 1998 முதல் 2012 வரை அங்கே பிடித்து விட்ட 6,161 மகசீர்களின் கணக்கை ஆய்வாளர்கள் பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். நீலத்துடுப்பு வருடத்துக்கு வருடம் கூடியிருந்தது. திமில் மகசீர் குறைந்துகொண்டே வந்தது, கிடைத்தவையும் பெரிது பெரிதாக இருந்தன.

பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று முதலில் நானும் நினைத்தேன். இல்லை. ஊரில் தாத்தா பாட்டிகளை மட்டும் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடம் பக்கம் போனால் பிள்ளைகளே இல்லை என்றால் எப்படி? புதிய தலைமுறை உண்டாகவில்லை என்று பொருள்.

2012இல் அந்த முகாம்களில் தூண்டில் போடுவதற்குத் தடை வந்தது. வனவிலங்குச் சரணாலயத்துக்குள் விளையாட்டாக மீன் பிடிப்பதும் வேட்டைதான் என்ற வாதம். வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த முகாம் வருமானத்தில்தான் கரையில் காவலுக்கு ஆள் போட்டிருந்தார்கள். அவர்களில் முன்பு தோட்டா வைத்து மீன் பிடித்தவர்களும் உண்டு. கள்ளனையே காவலுக்கு வைப்பது பழைய தந்திரம், இங்கே பலித்தும் வந்தது. பணம் நின்றதும் அந்தக் காவலும் போயிற்று, எண்ணிக்கைக் கணக்கும் 2012உடன் முடிந்தது. தூண்டில்காரர்களை மறுபடி விட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தடை போட்ட கையோடு அந்தக் காவலுக்கு அரசுப் பணத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம் என்கிறேன்.

இந்த இடத்தில் அமெரிக்காவுக்கு ஒரு நடை போய்விட்டு வருகிறேன். அங்கே எல்லாம் சரி என்று சொல்வதற்காக இல்லை. அங்கே ஆரம்பம் நம்முடையதைவிட மோசம்.

கொலராடோ ஆற்றின் பெரிய கிளை கிரீன் ஆறு. அதில் ஃபிளேமிங் கார்ஜ் அணை முடியும் தறுவாயில், 1962 செப்டம்பரில், மீன் மற்றும் வனவிலங்குத் துறையினரே ஆற்றில் 700 கிலோமீட்டருக்கும் மேல் விஷம் கலந்தார்கள். ரோட்டினோன், ஒருவகைச் செடியின் வேரிலிருந்து எடுப்பது, மீனை மூச்சுத்திணற வைத்துக் கொல்லும். அணை நிரம்பியதும் தூண்டில் விளையாட்டுக்காக டிரவுட் மீன் விட வேண்டும், அதற்குமுன் ஆற்றில் ஏற்கெனவே இருக்கும் 'கழிசடை மீன்களை' ஒழிக்க வேண்டும். அதுதான் திட்டம். விஷத்தை முறிக்கக் கீழே மருந்து கலந்தும் அது நினைத்த இடத்தில் நிற்காமல் டைனோசர் தேசிய நினைவிட எல்லைக்குள்ளும் போனது. செத்து மிதந்தவற்றில் கொலராடோ பைக்மின்னோ இருந்தது. ஒரு காலத்தில் ஆறடி வரை வளர்ந்த மீன், குடியேறிகள் வெள்ளை சால்மன் என்று பெயர் வைத்துத் தின்ற மீன். கொலராடோ ஆற்றையும் அதன் கிளைகளையும் விட்டால் அதற்கு வேறு போக்கிடம் கிடையாது.

அரசுப் பணத்தில் விஷம் வாங்கிக் கொன்ற அதே மீனை, அரசுப் பணத்தில் காப்பாற்ற 1988இல் ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கியது. பைக்மின்னோவோடு இன்னும் மூன்று மீன்கள். அதில் ஒன்றுக்கு நம் மகசீரைப் போலவே முதுகில் திமில் உண்டு. மாநிலங்கள், மத்திய அரசு, பாசனக்காரர்கள், மின்வாரியத் தரப்பு, சூழலியல் அமைப்புகள் எல்லோரும் ஒரே மேசையில். ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போட்டே காலம் தள்ளுவதைவிட இது மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் உட்கார்ந்தார்கள், பாசத்தால் இல்லை. 2000இல் வந்த ஒரு சட்டம் பணத்துக்கு வழி சொன்னது: கொலராடோ அணைகளில் உற்பத்தியாகும் மின்சாரத்தை விற்று வரும் வருமானத்தில் ஒரு பங்கு இந்த மீன்களுக்கு. வழியை மறித்த அணையே வழிச்செலவையும் கொடுக்கட்டும்.

இதைப் படித்தபோது எனக்கு நம் காடு ஞாபகம் வந்தது. இங்கே ஒரு திட்டத்துக்காகக் காட்டு நிலத்தை எடுத்தால், எடுப்பவர் ஈட்டுத்தொகை கட்ட வேண்டும், அதில் வேறிடத்தில் மரம் வளர்க்க வேண்டும். 2016இல் அதற்குத் தனிச் சட்டமே வந்துவிட்டது. மரத்துக்கு ஈடு உண்டு. ஆற்றை மறித்தால் மீனுக்கு அப்படியொரு சட்டம் இல்லை. காவிரியில் கர்நாடகம் கட்ட நினைக்கும் மேக்கேதாட்டு அணை விவகாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 திட்ட அறிக்கைப்படி 67 டிஎம்சி, 9,000 கோடி ரூபாய், 400 மெகாவாட். தமிழ்நாட்டில் டீக்கடையில்கூட இந்த டிஎம்சி கணக்கு தெரியும். காவிரி வனவிலங்குச் சரணாலயத்திலும் காப்புக் காட்டிலுமாகச் சுமார் 5,000 ஹெக்டேர் நிலம் அந்த அணைத் தண்ணீருக்குள் போகும் என்பது கொஞ்சம் பேருக்குத் தெரியும். திமில் மகசீரின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று அந்த ஆற்றுப் பகுதிதான் என்பதை, இரண்டு மாநிலத்திலும் மேடை போட்டுப் பேசுபவர்களில் எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள்?

கொலராடோவில் அந்தப் பணம் எதற்குப் போகிறது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பொரிப்பகமும் குஞ்சு விடுவதும் அங்கேயும் உண்டு. அதோடு, கன்னிசன் ஆற்றில் ரெட்லண்ட்ஸ் தடுப்பணையில் 1996இல் மீன் ஏணி கட்டினார்கள். படிப்படியாகத் தண்ணீர் தொட்டிகள், மீன் ஒவ்வொன்றாக ஏறி வரும். உச்சியில் ஆள் நின்று வலையில் அள்ளிப் பார்ப்பார். ஊர் மீன் என்றால் மேலே விடுவார், வெளி மீன் என்றால் எடுத்துவிடுவார். கோயில் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் போல ஒரு வேலை.

அதைவிட ஆச்சரியம், அந்த நான்கு மீன்களில் ஒன்றான ரேசர்பேக்குக்கு அவர்கள் செய்வது. வசந்த காலத்தில் பனி உருகி வரும் வெள்ளம் கரை தாண்டி ஓரத்துச் சதுப்புகளை நிரப்பினால்தான் அதன் குஞ்சுகளுக்குப் பிழைப்பு. அணை வந்தபின் வெள்ளம் அணைக்காரர் கையில். முன்பு உச்ச வெள்ளத்தைக் கணக்குப் போட்டு அணையைத் திறந்தார்கள், ஆனால் குஞ்சுகள் பொரிப்பதற்கு முன்பே வெள்ளம் வடிந்துவிடும். 2012 வாக்கில் முறையை மாற்றினார்கள். இரவில் ஆற்றோரம் சின்ன விளக்குப் பொறிகளை இறக்கி வைக்கிறார்கள். வெளிச்சத்துக்கு வந்து சேர்வதைக் காலையில் வடிகட்டிப் பார்க்கிறார்கள். ஒரு சென்டிமீட்டர் நீளம், உடம்பு கண்ணாடி மாதிரி, கண் மட்டும் இரண்டு புள்ளி. அந்தப் பருவத்தின் முதல் ரேசர்பேக் குஞ்சு அகப்பட்டதும் அணைக்குச் செய்தி போகிறது. அதன்பின் ஃபிளேமிங் கார்ஜில் தண்ணீரைத் திறக்கிறார்கள்.

நாம் மேட்டூரை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கிறோம். மந்திரிமார் பூத்தூவி, பொத்தானை அழுத்தி. குறுவைக்கு அது சரியான நாள், டெல்டாவின் சோறு அது, அதில் குறை சொல்ல நான் யார்? ஆனால் கபினியிலும் கிருஷ்ணராஜசாகரிலும் மதகைத் திறப்பதும் மூடுவதும் எந்த மீனையும் கேட்டு நடப்பதில்லை. மகசீர் புது வெள்ளத்தின் வேகத்தில் மேலேறிப் போய்ச் சரளைக்கல் படுகையில் முட்டையிடுகிற மீன். வெள்ளம் வந்து இரண்டு நாளில் மதகை இறக்கிவிட்டால் முட்டை கிடக்கும் சரளை வெயிலில் காயும். இதைச் சரிசெய்ய எந்தக் குஞ்சுப் பையாலும் ஆகாது.

கொலராடோவில் எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. திமில் மீனை 2021இல் 'அருகிய இனம்' என்ற நிலையிலிருந்து ஒரு படி இறக்கினார்கள், அது வெற்றி. பைக்மின்னோ கிரீன் ஆற்றில் இன்னும் குறைந்துகொண்டுதான் வருகிறது. வறட்சியில் அணை நீர்மட்டம் இறங்கும்போது மின்சார வருமானமும் இறங்கி, மீன் நிதியும் கையைக் கடிக்கிறது. ஆறு வற்றும் வருடத்தில் மீனுக்குப் பணம் அதிகம் வேண்டும், அந்த வருடம் பார்த்துத்தான் பணமும் வற்றும். அணை வருமானத்தை மட்டும் நம்புவதில் இருக்கும் ஓட்டை இது.

சரி, காவிரிக்கு என்ன செய்யலாம்? என்னைக் கேட்டால் முதல் ஐந்து வருடம் ஒரு குஞ்சுகூட விட மாட்டேன். அந்தப் பணத்தில் மோயாற்றிலும் சங்கமத்திலும் என்ன மிஞ்சியிருக்கிறது என்று கணக்கெடுக்க ஆள் போடுவேன். கரையோர ஊர்ப் பையன்களையே போடுவேன், கொசுவலை பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு விளக்குப் பொறி பிடிக்க வராதா? பொரிப்பகம் வேண்டுமென்றால் அந்த ஆற்றின் தாய் மீன்களைக் கொண்டு, இனம் பார்த்து, அந்த ஆற்றுக்கே. கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தில் ராமநாதபுரம் என்று ஒரு ஊர், காவிரிக் கரையில் கோயில். துறையில் இருக்கும் மகசீர்களை யாரும் தொடுவதில்லை, பக்தர்கள் பொரி வாங்கிப் போடுகிறார்கள். சாமிக்குப் பயந்து காப்பாற்றுவது ஒரு பைசா அரசுச் செலவில்லாத திட்டம். ஆனால் மதகு எப்போது திறக்க வேண்டும் என்று சாமியால் உத்தரவு போட முடியவில்லை.

போன ஆடியில் ஒகேனக்கல் போயிருந்தேன். ஆனைக்கெண்டை என்று சொன்ன அந்தப் பரிசல்காரப் பெரியவரைப் பார்த்தேன். பரிசலின் அடியில் தார் பூசிக்கொண்டிருந்தார். விளக்குப் பொறி கதையை அவரிடம் சொன்னேன்.

"ஒரு குஞ்சு மாட்டுனா டேமைத் தொறப்பாங்களா?"

"ஆமாங்கையா."

"நம்ம ஊர்ல வயக்காட்டுக்குத் தொறக்கவே ரெண்டு கவர்மெண்டு சண்டை போடுது தம்பி." தார் பிரஷை டப்பாவில் போட்டுவிட்டு ஆற்றைப் பார்த்தார். "மேல மூடுனா இங்க ராத்திரியோட ராத்திரியா எறங்கிரும். காலையில பாத்தா பாறைக் குழியில மீனு துடிச்சிக்கிட்டுக் கெடக்கும். வலையே வேணாம், கூடையில அள்ளிக்கிட்டுப் போவாங்க."

"அதுல ஆனைக்கெண்டை இருக்குமா?"

"எங்கப்பன் காலத்துல இருந்துச்சு. நான் அள்ளுனது எல்லாம் ஜிலேபி." துடுப்பை எடுத்து என்னிடம் நீட்டி, பரிசலைத் தலைக்குமேல் கவிழ்த்துக்கொண்டார். "ஏறுறதா இருந்தா வாங்க. தண்ணி எறங்குறதுக்குள்ள ஐந்தருவி போயிட்டு வந்துரலாம்."